கிணறு உள்ள வீடு

ஒரு கவிதை தனக்குள்ளேயே முழுமையானது, வெளியிலிருந்து எதையும் அதற்குக் கொண்டுவர வேண்டியதில்லை என்று பல வருஷங்கள் வாதாடியவன் நான். க்ளீந்த் ப்ரூக்ஸ் 1947இல் வெளியிட்ட விமர்சன நூலின் தலைப்பிலேயே ஒரு கலயம் இருக்கிறது, பி.ஏ. படிக்கையில் அது பிடித்துக்கொண்டது. ஆம்பூருக்கு வெளியே வீடு கட்டியபோதும் அதே பைத்தியம்தான் என்று இப்போது படுகிறது. மின்சாரம், கீரை, தண்ணீர் மூன்றுக்கும் மதிலைத் தாண்டக்கூடாது.

மனை முன்பு வயலாயிருந்தது. கிணறு அதனோடு வந்தது. தண்ணீரும் உண்டு; பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. "கெணறு இருக்கிற ஊட்ல காசு குடுத்துத் தண்ணி வாங்கறமேடா" என்பாள் அம்மா, கேன் வந்திறங்கும் போதெல்லாம்.

மொட்டைமாடித் தொட்டிகளில் கீரை விதைத்தோம். பத்து நாள் பச்சை. பிறகு இலையோரம் கருகி, மண்மேல் வெள்ளையாகப் பூத்தது. சூரியத் தகடுகள் 3 கிலோவாட். வெயிலுக்குப் பஞ்சமில்லாத ஊர், நல்ல நாளில் 12 யூனிட் வரும். தூசு படிந்ததென்று கிணற்று நீரால் கழுவினேன். கண்ணாடியிலும் அதே வெள்ளை.

மழைதான் மிச்சம். 600 சதுர அடி மாடியில் வருஷத்துக்கு 900 மில்லிமீட்டர் பெய்தால் 50,000 லிட்டர். வங்கிக் குமாஸ்தாவுக்குப் பிடித்த மாதிரிக் கணக்கு. 2003இல் அரசு மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஒப்புக்குக் குழாய் இறக்கியவர்களைக் கேலி செய்தவன், ஒழுங்காகவே செய்தேன். 5,000 லிட்டர் தொட்டி சமையலுக்கு. மீதி, ஜல்லியும் மணலும் போட்ட வடிகட்டி வழியே கிணற்றுக்குள். மார்கழியில் கிணறு லேசாக இனித்தது. தை முடிவதற்குள் பழையபடி. நிலத்தடி நீருக்கு என் மதில் எங்கே இருக்கிறது என்று தெரியவில்லை.

தோல் பதனிடுவதைப் பற்றிப் பேசும்போது குரோமியத்தைத்தான் எல்லோரும் சொல்கிறோம். பிடிவாதமானது உப்பு. பச்சைத்தோல் அழுகாமலிருக்க அப்பிய உப்பு, ஊறவைத்துக் கழுவும்போதே வெளியேறிவிடுகிறது; சாதாரணச் சுத்திகரிப்பில் நாற்றம் குறையுமே ஒழிய அது போகாது. 1996 ஆகஸ்ட் 28இல் உச்சநீதிமன்றம் அளித்த தீர்ப்பில், இந்தப் பகுதியில் ஏறத்தாழ 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகப் பதிவாகியிருக்கிறது. மாசுபடுத்தியவனே ஈடு செய்ய வேண்டும் என்பதை நம் சட்டத்தின் பகுதியாக ஏற்ற தீர்ப்பு அது. 2025 ஜனவரியில் அதே நீதிமன்றம் நஷ்டஈட்டைப் பற்றியும் பாலாற்றைப் பற்றியும் மறுபடி உத்தரவிட வேண்டியிருந்தது.

இதையெல்லாம் வாதியின் குரலில் எழுதுவது சுலபம். அப்பா தோல் ஷாப்பில் சுண்ணாம்புக் குழி வேலை பார்த்தவர். குழிநீர் எங்கே போகிறது என்று அவரை நான் கேட்டதில்லை. அந்தக் கூலியில்தான் ப்ரூக்ஸ் படித்தேன். என்னைத் தனியாகப் பிரித்தெடுத்துக் கலயமாக வைக்க முடியாது என்பதை ஒரு கீரைத்தொட்டி சொல்ல வேண்டியிருந்தது.

இப்போது கீரைக்கும் தகடுக்கும் மழைத்தண்ணீர்தான். பங்குனிக்கு மேல் இரண்டிலொன்றைக் கைவிட வேண்டியிருக்கும். அப்பா மட்டும் மழைத்தண்ணீரைத் தொடுவதில்லை. "சப்புன்னு கீது" என்கிறார். வெடித்து ஆறிய கைகளால் ராட்டினக் கயிற்றை இழுத்து, கிணற்றடியிலேயே குளித்துவிட்டு வருகிறார்.