திங்கட்கிழமை காலை யார் செய்வது?

கிரீன்லாந்தின் தலைநகர் நூக்கில் 'பிளாக் பி' என்றொரு அடுக்குமாடிக் கட்டடம் இருந்தது. 1960-களில் கட்டப்பட்டது. ஐந்து மாடிகள், 320 வீடுகள். ஒரு காலத்தில் அந்தத் தேசத்து மக்களில் நூற்றில் ஒருவர் அந்த ஒரே கட்டடத்தில்தான் குடியிருந்தார்.

கடலோரச் சிற்றூர்களில் சிதறிக் கிடந்தவர்களை நகரத்துக்குக் கொண்டுவந்தால் நல்ல வீடு, பள்ளி, ஆஸ்பத்திரி, மீன் ஆலையில் வேலை எல்லாம் கொடுத்துவிடலாம். டென்மார்க் ஆட்சியில் போட்ட கணக்கு அது. நோக்கத்தில் பழுது சொல்ல முடியாது. ஆனால், குடிவந்தவர்களில் பலர் வேட்டையும் மீன்பிடிப்பும் செய்து வாழ்ந்தவர்கள். கனத்த குளிராடையோடு நுழைய வாசற்கதவு இடம் கொடுக்கவில்லை. பிடித்து வந்ததை அறுக்கக் குளியல் தொட்டியை விட்டால் வேறு இடமில்லை. ரத்தம் உறைந்து கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டது. மீன்பிடிச் சாமான்கள் பால்கனியில் குவிந்தன. 2012-ல் கட்டடத்தையே இடித்துவிட்டார்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. திட்டம் நிறைவேறாமல் போகவில்லை. கச்சிதமாக நிறைவேறியது. யாருக்காகப் போட்டார்களோ, அவர்கள் எப்படி வாழ்கிறார்கள் என்பதை மட்டும் கணக்கில் எடுக்காமல் நிறைவேறியது.

இன்று நிலைமை வேறு. 1979-ல் உள்நாட்டு ஆட்சி வந்தது. 2009 ஜூன் 21 முதல் அதிகாரம் இன்னும் கூடிய சுயாட்சி. அன்றிலிருந்து கிரீன்லாந்து மொழியான கலாலிசுட்தான் அங்கே ஒரே ஆட்சிமொழி. பள்ளி, மருத்துவம், வீட்டுவசதி, மீன்வளம் எல்லாவற்றுக்கும் திட்டம் போடுவது அவர்களே. மக்கள்தொகை சுமார் 57,000. அத்தனை பேரை வைத்துக்கொண்டு ஒரு முழுத் தேசத்தின் வேலையையும் பார்க்க வேண்டும். திட்டம் எழுதிவிடலாம், அதைக் கையில் எடுத்துச் செய்ய ஆள் வேண்டுமே?

இந்த இடத்தில்தான் சின்னஞ்சிறு ஆலோசனை நிறுவனங்களுக்கு வேலை பிறக்கிறது. நூக்கில் இரண்டு பேர், ஒரே அறையில் அப்படி ஒன்றை நடத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். புதுத் திட்டம் எழுதித் தருவது அவர்கள் தொழில் அல்ல. அது ஏற்கெனவே எழுதி, வண்ண அட்டை போட்டு, அலமாரியில் தூங்கிக்கொண்டிருக்கும். அதை எழுப்பி நடக்க வைப்பதுதான் அவர்கள் வேலை.

'சிற்றூர்களில் முதியோர் பராமரிப்பு வலுப்படுத்தப்படும்' என்று அதில் ஒரு வரி இருக்கிறது. படிக்க நன்றாகத்தான் இருக்கிறது. இருவரும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்திருப்பவர்களிடம் கேட்கும் கேள்வி ஒன்றே ஒன்று: "திங்கட்கிழமை காலை இதை யார் செய்யப்போகிறீர்கள்?"

அறையில் யாரும் வாய் திறக்கமாட்டார்கள். 'வலுப்படுத்தப்படும்' என்ற சொல்லுக்குள் ஆளே இல்லை. நம் ஊர் அரசாங்கக் கடிதங்களில் வரும் 'ஆவன செய்யப்படும்' நினைவுக்கு வருகிறதா? அதே ரகம். தமிழில் 'செய்கிறேன்' என்றால் 'நான்' உள்ளேயே இருப்பதுபோல, கலாலிசுட்டிலும் வினைச்சொல்லின் முடிவே செய்பவர் யார் என்று காட்டிக்கொடுத்துவிடும். அலுவலகங்களில் டேனிஷ் மொழியின் புழக்கம் இன்றும் அதிகம். டேனிஷில் எழுதிய வரியை ஊர்க்காரர்களின் பேச்சில் சொல்லிப் பார்க்கும்போது, "சரி, இதைச் செய்யப்போவது நீயா, நானா?" என்ற பேச்சும் கூடவே எழும். பாதி வேலை அங்கேயே தொடங்கிவிடும்.

மீதிப் பாதி சுலபமல்ல. கிரீன்லாந்தில் ஓர் ஊரிலிருந்து இன்னோர் ஊருக்குச் சாலை கிடையாது. விமானம், ஹெலிகாப்டர், படகு, இல்லையென்றால் பனியில் நாய்வண்டி. செர்மர்சூக் என்ற ஒரே நகராட்சியின் பரப்பு ஐந்து லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். மேற்குக் கரையில் நூக், கிழக்குக் கரையில் தசீலாக், நடுவே பனிப்பாளம். நூக்கில் கூட்டம் போட்டு முடிவெடுத்தால் தசீலாக்கில் அது எப்படி நடக்கும்? அங்கே இருக்கும் செவிலியருக்கு உதவிக்கு யார்? வானிலை கெட்டு ஒரு வாரம் விமானம் வராவிட்டால்? 'இமகா' என்று ஒரு சொல் அங்கே எல்லோர் வாயிலும் புழங்கும். 'ஒருவேளை, பார்க்கலாம்' என்று அர்த்தம். புதிதாக வருபவருக்கு அது சோம்பலாகத் தெரியும். புயலும் பனியும் தீர்மானிக்கும் ஊரில் அது அனுபவம். 'இமகா'வுக்கு இடம் விடாத திட்டம் முதல் புயலிலேயே படுத்துவிடும்.

இன்னொரு சிக்கல், ஆள் மாறுவது. டென்மார்க்கிலிருந்து வரும் அதிகாரிகளும் மருத்துவர்களும் ஆசிரியர்களும் சில வருடங்களில் ஊர் திரும்பிவிடுவது அங்கே பழகிப்போன சங்கதி. எழுதியவர் போனதும் திட்டம் அநாதையாகிவிடும். உள்ளூர்க்காரர் ஒருவர் ஆரம்பத்திலேயே அதைத் தன் வேலையாக எடுத்துக்கொள்ளாவிட்டால், அடுத்து வருபவர் இன்னொரு வண்ண அட்டை போடுவார்.

சிறிய நிறுவனத்துக்கு இங்கே ஒரு பலம் உண்டு. அது ஊரைவிட்டுப் போகாது. அதுவே அதன் கஷ்டமும். எல்லோரும் எல்லோருக்கும் தெரிந்தவர்கள். "உங்கள் துறை மூன்று மாதமாக ஒன்றும் செய்யவில்லை" என்று இன்று யாரிடம் சொல்கிறார்களோ, அவரை நாளை கடையில் பார்க்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டு 'கஃபெமிக்'குக்குப் போக வேண்டும். பிறந்தநாள், பிள்ளை பள்ளிக்குப் போகும் முதல் நாள் என்றால் வீட்டைத் திறந்து வைத்து, வருபவர்களுக்கெல்லாம் காபியும் கேக்கும் கொடுக்கும் வழக்கம் அது. வந்தவர்கள் சாப்பிட்டுவிட்டு, அடுத்து வருபவருக்கு இடம் விட்டு எழுந்துவிடுவார்கள். கசப்பான உண்மையைச் சொல்லிவிட்டு அந்த வீட்டில் காபி குடிக்க, சொன்ன விதத்தில் மரியாதை இருந்திருக்க வேண்டும்.

அந்த இருவரும் வேலை முடிந்ததும் அப்படித்தான் எழுந்துவிட வேண்டும். ஆறு மாதம் கழித்து யாரும் கூப்பிடவில்லை என்றால் வருமானத்துக்கு நஷ்டம்தான். ஆனால் தூரத்துச் சிற்றூர் ஒன்றில், திங்கட்கிழமை காலை, பாட்டி ஒருவரின் வீட்டுக் கதவை ஊர்க்காரர் ஒருவர் தட்டுகிறார் என்றால், அலமாரியில் கிடந்த அந்த வரிக்கு ஆள் கிடைத்துவிட்டது.