இரண்டு காப்புகள்

சிம்லாவில் நான் குடியிருக்கும் மேல்தளம் தகரக் கூரைக்கு நேர் கீழே உள்ளது. சென்ற பனிக்காலத்தில் ஆய்வேட்டின் ஓர் இயலைக் கையுறையோடுதான் தட்டச்சு செய்தேன். அதைக் கண்டு இரங்கிய வீட்டுக்கார அம்மாள், இவ்வாண்டுச் சீரமைப்பில் பரண் முழுவதும் கண்ணாடியிழைப் பஞ்சு பரப்பவும், இரண்டு அறை ஹீட்டர்களுக்கும் தனியாக வயர் இழுக்கவும் ஏற்பாடு செய்தார்.

பலகை அடிப்பதற்கு முந்தைய மாலை பரணில் ஏறிப் பார்த்தேன். புதிய வயர் நெடுகிலும் பஞ்சுக்குள் புதைந்து கிடந்தது. மின்பொறியாளரான தங்கைக்குப் படம் அனுப்பினேன். "அண்ணா, மூட விடாதே" என்று உடனே பதில் வந்தது.

அவள் விளக்கியது இதுதான். மின்னோட்டம் பாயும் கம்பி சூடாகும். அச்சூடு வெளியேறும் என்ற கணக்கில்தான் அதன் திறன் வகுக்கப்படுகிறது. நாற்புறமும் பஞ்சு சூழ்ந்தால் அத்திறன் ஏறத்தாழப் பாதியாகும். 2000 வாட் ஹீட்டர்கள் இரண்டும் ஓடினால் 230 வோல்ட்டில் 17 ஆம்பியரைத் தாண்டும். 2.5 சதுர மி.மீ. செப்புக் கம்பிக்கு வெளியில் அது பெரிதன்று, பஞ்சுக்குள் மிகை. 20 ஆம்பியர் எம்சிபியோ விழாது. பரணில் வயர் படும் வெப்பம் அதற்குத் தெரியாது. வீடோ மரவீடு.

மின்காப்பு, வெப்பக்காப்பு: இரண்டையும் காப்பு என்றே வழங்குகிறோம். ஒன்று மற்றொன்றை உருக்கக்கூடும் என்பதை, சொற்பொருளே படிக்கும் நான் அன்றுதான் அறிந்தேன்.

சொல்லத் தயக்கம். ஹீட்டர் எனக்காக, செலவு அவருடையது. சொன்னேன். மிஸ்திரி முகம் சுளித்தார்: "இருபது வருடமாக இப்படித்தான் போடுகிறேன்." அம்மாள் சற்று யோசித்தார். "பேட்டா மேலே தூங்குகிறான், நான் கீழே தூங்குகிறேன். எடுத்துவிடு" என்றார்.

4 சதுர மி.மீ. வயரைக் குழாயிலிட்டு, பஞ்சுக்கு மேலே உத்தரத்தோடு பிணைத்தோம். கூடுதல் செலவில் பாதியை நான் கொடுத்தேன். மறுத்துப் பின் வாங்கிக்கொண்டார். பஞ்சின் அரிப்பு மட்டும் மூன்று நாள் நீடித்தது.

நண்பர்களே, உங்கள் வீட்டில் பரணை மூடுமுன் ஒருமுறை ஏறிப் பாருங்கள். தெர்மாகோல் பரப்பினால் இன்னொரு கவனமும் தேவை: பிவிசி உறையை அது தொட்டுக்கொண்டிருந்தால், உறையின் நெகிழ்வு நாளடைவில் வெளியேறி அது விறைத்துப்போகும். இடையில் ஒரு குழாய் இருக்கட்டும்.