ஆயிரத்தில் பதிமூன்று

அயனிச் சமநிலைப் பாடத்தைக் கரும்பலகையில் தொடங்குவது எனக்குப் பிடிக்காது. பிள்ளைகளை நேரே ஆய்வகத்துக்கு அழைத்துப் போய்விடுவேன். மேசையில் இரண்டு கூம்புக் குடுவைகள். ஒன்றில் 20 மிலி ஹைட்ரோகுளோரிக் அமிலம், மற்றதில் 20 மிலி அசிட்டிக் அமிலம். இரண்டும் 0.1 மோலார். பிஎச் தாளை நனைத்தால் முதலாவது 1 காட்டும். இரண்டாவது 3-ஐ ஒட்டி நிற்கும். எண்ணில் இரண்டுதானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் ஹைட்ரஜன் அயனியின் அளவில் அது 75 மடங்கு.

"இரண்டையும் நடுநிலையாக்க எதற்கு அதிகமாகக் காரம் செலவாகும்?" என்று கேட்பேன். வகுப்பே ஒரே குரலில் ஹைட்ரோகுளோரிக் என்று சொல்லும். அசிட்டிக்குக் கால் மிலி போதும் சார் என்று கணக்குப் போட்டுச் சொன்ன கெட்டிக்காரப் பையன்களும் உண்டு. பிறகு நிறங்காட்டியாகப் பினால்ஃப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, பியூரெட்டிலிருந்து 0.1 மோலார் சோடியம் ஹைட்ராக்சைடை இறக்கச் சொல்வேன். முதல் குடுவை 20 மிலியில் இளஞ்சிவப்பாகும். இரண்டாவதில் கால் மிலி தாண்டும், ஐந்து தாண்டும், பத்து தாண்டும், நிறம் வராது. அதுவும் 20 மிலியில்தான் சிவக்கும்.

அசிட்டிக் அமிலத்தின் மூலக்கூறுகள் ஆயிரம் இருந்தால், 0.1 மோலார் கரைசலில் ஏறக்குறைய 13 மட்டுமே பிரிந்து அயனிகளாக நிற்கின்றன. மற்ற 987-ம் முழு மூலக்கூறாகவே இருக்கின்றன. அந்தப் பதிமூன்றும் எப்போதும் அதே பதிமூன்று அல்ல. ஒன்று பிரியும்போதே இன்னொரு இடத்தில் ஓர் அசிட்டேட் அயனி, போன ஹைட்ரஜன் அயனியைத் திரும்பச் சேர்த்துக்கொள்ளும். இரு வேகமும் சமமாகிவிடுவதால் வெளியே அசைவு தெரிவதில்லை. காரம் வந்து ஹைட்ரஜன் அயனியை எடுத்துக்கொண்டதும் சமநிலை கலைகிறது. குறைந்ததை ஈடுகட்ட இன்னும் சில மூலக்கூறுகள் பிரிகின்றன. எடுக்க எடுக்கப் பிரிகின்றன, கடைசி மூலக்கூறு வரை. பிஎச் தாள் காட்டுவது வெளியே நிற்பதை மட்டும். உள்ளிருப்பு, இப்படிக் காரத்தை இறக்கி அளக்கும் தரம்பார்த்தலில்தான் தெரியும்.

அமிலத்துக்கு மனசு கிடையாது, அது நமக்குப் புத்தி சொல்லவும் வரவில்லை. ஆனாலும் வயதாக ஆக, மனிதர்களை நாம் எதைக் கொண்டு அளக்கிறோம் என்று பார்க்கும்போது எனக்கு இந்த இரண்டு குடுவைகளும்தான் நினைவுக்கு வருகின்றன. நான் வேலை பார்த்த ஒரு பள்ளியில் ஓர் ஆய்வக உதவியாளர் இருந்தார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். ஒரு வார்த்தை கூடுதலாக வராது. உபயோகமில்லாத ஆள் என்பது ஆசிரியர் அறையின் முடிவு. ஒரு செய்முறைத் தேர்வு நாளில், வெளித் தேர்வாளர் வந்து உட்கார்ந்த பிறகு, நாலைந்து பியூரெட்டுகளின் திருகு அசையவே இல்லை. சோடியம் ஹைட்ராக்சைடு கண்ணாடித் திருகில் தேங்கினால் அதை அரித்து இறுக்கிவிடும். கழுவாமல் வைத்துவிட்டுப் போனவர்கள் நாங்கள். அவரைக் கூப்பிட்டேன். ஒன்றுமே சொல்லாமல் பின் அலமாரியின் கீழ்த்தட்டிலிருந்து ரப்பர் குழாயும் இடுக்கியும் போட்ட பழைய பியூரெட்டுகளை எடுத்து வந்தார். துடைத்து, துணி சுற்றி வைத்திருந்தார். "காரத்துக்கு இதுதான் சார் நல்லது" என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே என்றதற்கு, "யாரும் கேக்கலியே சார்."

கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. அசிட்டிக் அமிலத்தைத் தரம்பார்க்க மெத்தில் ஆரஞ்சைப் போட்டால் அது ஆறேழு மிலியிலேயே மஞ்சளாகிவிடும். அது நிறம் மாறும் எல்லை பிஎச் 3.1 முதல் 4.4 வரை. அசிட்டிக் அமிலம் முழுதாகத் தீரும் இடமோ 8.7-க்குப் பக்கத்தில். தவறான நிறங்காட்டியை வைத்துக்கொண்டு, இதில் சரக்கு இவ்வளவுதான் என்று எழுதி வைத்தவர்களை நான் நேர்முகத் தேர்வுகளில் நிறையப் பார்த்திருக்கிறேன்.

கணக்குக்கு வருகிறேன். மாணவர்கள் பயப்படுவது இதற்குத்தான். அசிட்டிக் அமிலத்தின் பிரிகை மாறிலி 25 டிகிரி செல்சியஸில் 1.8 × 10⁻⁵. பிரிந்த அளவின் வர்க்கத்தை மீதமுள்ள அமிலத்தால் வகுத்தால் இந்த எண் வரவேண்டும். இதை ஒழுங்குபடுத்தி 1888-இல் விதியாகத் தந்தவர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட். அதற்கு நாலு வருடம் முன்னால்தான், உப்பும் அமிலமும் நீரில் அயனிகளாகப் பிரிகின்றன என்ற கருத்துக்கு அடித்தளமான ஆய்வேட்டைக் கொடுத்து, உப்சாலா பல்கலைக்கழகத்தில் மட்டமான தரத்தோடு தேறியிருந்தார் அர்ரேனியஸ். அந்த ஏட்டைப் படித்துவிட்டு ரிகாவிலிருந்து அவரைத் தேடிப் போனவர் ஆஸ்ட்வால்ட். 1903-இல் அர்ரேனியஸுக்கு நோபல் பரிசு. மட்டமான தரம் போட்டவர்களும் ஒரு வகை பிஎச் தாளைத்தான் வைத்திருந்தார்கள்.

மீதமுள்ள அமிலம் என்பது 0.1-லிருந்து பிரிந்த அளவைக் கழித்தது. அப்படியே போட்டால் இருபடிச் சமன்பாடு வரும். பிரிந்தது சொற்பம், அதைப் புறக்கணிக்கலாம் என்கிறது பாடநூல். புறக்கணித்தால் ஒரு வர்க்கமூலத்தோடு வேலை முடியும்: 1.34 × 10⁻³, பிஎச் 2.87. தவறில்லை, 0.1-க்கு முன்னால் அது சொற்பம்தான். அதே அமிலத்தை 0.001 மோலாராக நீர்த்துவிட்டு, அதே பழக்கத்தில் புறக்கணித்தால் 1.34 × 10⁻⁴ வரும். இருபடியை ஒழுங்காகத் தீர்த்தால் 1.25 × 10⁻⁴. ஏழு சதவீதப் பிழை. ஏனென்றால் இங்கே நூற்றுக்குப் பன்னிரண்டரை பிரிந்துவிட்டது. லட்சம் ரூபாய் வைத்திருப்பவரிடம் 1,340 ரூபாய் போனால் கணக்கில் விட்டுவிடலாம். ஆயிரம் ரூபாய்க்காரரிடம் 125 போனால் விட முடியாது. தொகையைப் பார்த்தால் இரண்டாவது சின்னது. அதனால்தான் நம்மில் பலருக்கு அது கண்ணிலேயே படுவதில்லை.

எனவே புறக்கணித்த பிறகு திரும்பிப் பார்க்கச் சொல்வேன்: விட்டுவிட்டது ஆரம்ப அளவில் 5 சதவீதத்துக்குள் இருக்கிறதா? மீறினால் இருபடியைத் தீர்த்தாக வேண்டும். தேர்வில் அந்த ஒரு வரிக்கு மதிப்பெண் கிடையாது என்பதால் யாரும் எழுதுவதில்லை. வீடுகளிலும் அப்படித்தான். செலவுக்குப் பெரியவன் கொடுத்த பத்தாயிரம் கல்யாண மண்டபத்தில் பேசப்படும். இளையவன் கொடுத்த இரண்டாயிரம் அவன் சம்பளத்தில் எத்தனை பங்கு என்று யார் வகுத்துப் பார்த்தார்கள்?

நம் ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் நடுவே நிற்பதும், அசிட்டிக் அமிலம் போலச் சொற்பமாகவே பிரியும், வலிமை குறைந்த ஓர் அமிலத்தால்தான். கார்பானிக் அமிலமும் அதன் பைகார்பனேட்டும் ஒன்றுக்கு இருபது என்ற விகிதத்தில் இருந்துகொண்டு, அமிலம் கூடினால் வாங்கிக்கொள்கின்றன, குறைந்தால் கொடுக்கின்றன. நுரையீரலும் சிறுநீரகமும் விகிதத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கின்றன. எல்லாவற்றையும் முதலிலேயே கொட்டிவிடும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தால் இந்த வேலையைச் செய்ய முடியாது. அதன் இடம் இரைப்பை. அங்கே அது இல்லாமல் முடியாது.

இதுவரை அமைதியானவர்களுக்கு வக்காலத்து வாங்கியாயிற்று. முழுதாகச் சொல்ல வேண்டுமானால் இன்னொரு அமிலத்தையும் சொல்லியாக வேண்டும். ஹைட்ரோஃப்ளூரிக் அமிலமும் வலிமை குறைந்த பட்டியலில்தான் வருகிறது, 0.1 மோலாரில் நூற்றுக்கு எட்டு அளவில்தான் பிரியும். ஆனால் கண்ணாடியைக் கரைக்கும், ஆகையால் பிளாஸ்டிக் புட்டியில் வைப்பார்கள். நீர்த்த கரைசல் தோலில் பட்டால் பல சமயம் உடனே எரியக்கூட எரியாது. பிரியாத மூலக்கூறாக இருப்பதால்தான் அது தோலைத் தாண்டி ஆழத்துக்கு இறங்குகிறது. அங்கே போய்ப் பிரிந்து, கால்சியத்தைப் பிடிக்கிறது. வலி தெரிய மணிக்கணக்கு ஆகலாம். அதைக் கையாளும் இடங்களில் கால்சியம் குளுக்கோனேட் களிம்பைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருப்பார்கள்.