பின் சக்கரம்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். வாடிப்பட்டியிலிருந்து நிலக்கோட்டை போய்த் திரும்பும் சைக்கிள் பந்தயத்தில் ஒரு வருஷம் நானும் கலந்துகொண்டேன், வாடகைச் சைக்கிளில். போகும்போது மேல்காற்று முகத்தில் அறைந்தது. சிநேகிதன் முன்னால் வந்து, "என் பின் சக்கரத்தை விடாதேடா!" என்றான். முன்னால் போகிறவன் காற்றைக் கிழிக்கிறான். ஒட்டி வருகிறவனுக்கு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பாடு மிச்சம். 1903-இல் தொடங்கிய டூர் டி பிரான்ஸ் பந்தயத்தில் இப்படி உழைப்பவனை 'டொமெஸ்டிக்' என்கிறார்கள். வேலைக்காரன் என்று அர்த்தம். ஒளிவுமறைவே இல்லை, பாருங்கள்!

திரும்பும்போது காற்று முதுகைத் தள்ளிற்று. களைத்துப்போயிருந்தவனைத் தாண்டிப் பறந்தேன். பரிசு, ஓர் எவர்சில்வர் குடம். அதை வாங்கி வைத்துக்கொண்டு அம்மா கேட்டாள்: "அந்தப் பையன் எத்தனாவதுடா?"

எனக்குத் தெரியவில்லை. நான் திரும்பியே பார்க்கவில்லை.