ஊர்க்கணக்கை எழுதும் ஆறு

எங்கே இருக்கிறது, எத்தனை பேர் இருக்கிறார்கள்? ஒரு கிராமத்தைப் பற்றி அரசுக் கணக்கு முதலில் கேட்பவை இந்த இரண்டும்தான். நெல்லைச் சீமையில் இரண்டுக்கும் விடை தாமிரபரணியிடம் இருக்கிறது. பொதிகையில் பிறந்து புன்னக்காயலில் கடல் சேரும்வரை அது ஓடுவது சுமார் 128 கிலோமீட்டர்.

மலையில் காணிப் பழங்குடி மக்களின் சில குடியிருப்புகள் மட்டுமே. பாபநாசத்தில் ஆறு தரையிறங்கியதும் ஊர்கள் நெருங்குகின்றன. காரணம் அணைக்கட்டுகள். கோடைமேலழகியான் தொடங்கி மருதூர் வரை ஏழும் பழையவை. எட்டாவதான ஸ்ரீவைகுண்டம் பிரிட்டிஷார் காலத்தது. அணைக்கட்டிலிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து வயல். தென்மேற்கு மழைக்குக் கார், வடகிழக்கு மழைக்குப் பிசானம் என்று இரண்டு போகம். இரண்டு நடவுக்கும் இரண்டு அறுப்புக்கும் ஆள் வேண்டும். அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, சேரன்மகாதேவி என ஆற்றை ஒட்டி ஜனம் பெருகியது அப்படித்தான். கால்வாய் எட்டாத செம்மணல் தேரிக்காட்டுப் பக்கம் போனால் பனைதான் துணை.

திருநெல்வேலியைத் தாண்டினால் முறப்பநாடு. ஊரின் எல்லையையும் புறம்போக்கையும் கணக்கில் வைத்துக் காப்பவர் கிராம நிர்வாக அலுவலர். இங்கே மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்த அலுவலரை 2023 ஏப்ரல் 25 அன்று அவருடைய அலுவலகத்திலேயே வெட்டிக் கொன்றார்கள். ஆற்றின் மணலை அள்ளுகிறவர்கள் ஊரின் கிணற்றுநீரையும் சேர்த்தே அள்ளுகிறார்கள். அதைத் தடுக்க ஒருவர் உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது நமக்கெல்லாம் அவமானம்.

அடுத்து தென்கரையில் ஆதிச்சநல்லூர். 1876-ல் ஜாகர் என்ற ஜெர்மானியரும், பின்னர் அலெக்சாண்டர் ரீயும் தோண்டிய முதுமக்கள் தாழிக்காடு. தாழிகள் புதைந்திருக்கும் இடம் சரளைக்கல் நிறைந்த பரம்பு, ஏர் இறங்காது. விளையும் மண்ணை உயிரோடிருப்பவர்களுக்கு விட்டுவிட்டு, விளையாத மேட்டை இறந்தவர்களுக்குக் கொடுத்திருக்கிறார்கள். தாழிக்குள்ளிருந்த பானைகளில் நெல் உமியும் தினை வகைகளின் உமியும் கிடைத்ததாக ரீ எழுதினார். இன்றைக்கும் பரம்பை விட்டு இறங்கினால் நெல்வயல்தான்.

ஸ்ரீவைகுண்டத்துக்குக் கிழக்கே கொற்கை. பாண்டியர் முத்துத் துறைமுகம் இது. கிரேக்க நூல்கள் கொல்கோய் என்று குறித்தது இதைத்தான். இப்போது குளமும் வயலும் வாழையுமாக ஒரு சிற்றூர். கடல் சில கிலோமீட்டர் தள்ளிப் போய்விட்டது. நிலத்தைத் தோண்டினால் சங்கும் சிப்பியும் வருவதை பிஷப் கால்டுவெல்லே பதிவு செய்திருக்கிறார். ஆறு கொண்டுவந்த வண்டல் முகத்துவாரத்தைத் தூர்த்தது. வணிகம் பழையகாயலுக்குப் போனது, அங்கும் தூர்ந்ததும் புன்னக்காயலுக்கு, கடைசியில் தூத்துக்குடிக்கு. கொற்கை இருந்த இடத்திலேயே இருக்கிறது. கடல் விலகியதும் கப்பலை நம்பியிருந்த ஜனமும் விலகியது.

புன்னக்காயலில் ஆறு முடிகிறது. கடலோடிகளின் ஊர் அது. மேலே எட்டு அணைக்கட்டுகளும் விட்டுவைத்த நீர்தான் அங்கே வந்து சேரும். மழை மிஞ்சினால் 2023 டிசம்பரில் வந்ததுபோல வெள்ளமாகவும் வரும்.

2011-க்குப் பிறகு நடக்காத மக்கள்தொகைக் கணக்கெடுப்பு 2027-க்கு என்று அறிவிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண்களை வைத்துத்தான் பள்ளிக்கும் ரேஷன் கடைக்கும் திட்டம் போடுவார்கள். ஆளை எண்ணும்போதே அந்த ஊரின் கால்வாயும் மடையும் எந்த நிலையில் இருக்கின்றன என்பதையும் எழுதி வைக்க வேண்டும். தலைக்கணக்கு இன்றைக்கு எத்தனை பேர் என்று மட்டும் சொல்லும். அடுத்த கணக்கெடுப்பில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கும் என்பதை மடைதான் முன்கூட்டியே சொல்லும்.