எண்ணெய் எங்கே போகிறது?

லால்பேட்டையில் வீராணம் ஏரியும் வெற்றிலைக் கொடிக்காலும் பாதிப் பேருக்குச் சோறு போட்டால், மீதிப் பேருக்குச் சோறு போடுவது கடல் தாண்டிப் போன ஆண்கள்தான். "உங்க வீட்டுக்காரர் அங்கே என்ன வேலை?" என்று கேட்டால், "டிரைவர்" என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடுவோம். அந்த வண்டி அங்கே மக்கர் செய்தால் இங்கே அடுப்பு எப்படித் தடுமாறும் என்பது எங்களுக்குத்தான் தெரியும்.

என் கணவர் சவூதியில் ஒரு முதலாளியிடம் பழைய அமெரிக்க பிக்-அப் டிரக் ஓட்டினார். கிளச் மிதி கிடையாது, ஆட்டோமேட்டிக் கியர். "கால் ஒண்ணு சும்மாவே கிடக்குது" என்று முதல் கடிதத்தில் வேடிக்கையாக எழுதியிருந்தார். 1996-ல் அந்த வேடிக்கையெல்லாம் போய்விட்டது. வண்டி முதல் கியரிலிருந்து இரண்டாவதுக்குப் போகவே நேரம் எடுத்தது. போகும்போது பின்னாலிருந்து யாரோ முட்டியதுபோல் ஒரு குலுக்கல். சில நாள் கழித்து, மேட்டில் ஏறும்போது எஞ்சின் மட்டும் கத்தும், வண்டி நகராது.

பக்கத்து ஒர்க் ஷாப்பில் காட்டினார்கள். "கியர் பாக்ஸ் போச்சு, முழுசா மாத்தணும்" என்று ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார்களாம். முதலாளிக்குக் கோபம். "நீ ஓட்டின விதம்தான் காரணம்; செலவைச் சம்பளத்தில் பிடிப்பேன்" என்றார். மூன்று மாதச் சம்பளம் போகும் என்று கணக்கு. அப்போது மாமிக்கு இரண்டு கண்ணிலும் புரை. ஆபரேஷனுக்காகச் சேர்த்து வைத்த பணத்தில்தான் அந்த மூன்று மாதமும் நாங்கள் சாப்பிட வேண்டியிருக்கும்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு பக்கத்து வீட்டுக்குப் போன் வரும். அன்றைக்கு அவர் குரலே சரியில்லை. நான் அழவில்லை. "என்னங்க, வண்டிக்கு என்ன செய்யுதுன்னு முதல்லேர்ந்து சொல்லுங்க" என்றேன்.

"கியர் எண்ணெய் குறையுது. ஊத்துறேன், பத்து நாள்ல மறுபடி குறையுது."

"கீழே ஒழுகுதா?"

"ஒரு சொட்டு இல்லை. ராத்திரி அட்டை விரிச்சு வச்சுப் பார்த்தேன், காலையில அட்டை காஞ்சு கிடக்குது."

நமக்கு வண்டி தெரியாது. ஆனால் எண்ணெய்க் கணக்கு தெரியுமே! சீசாவில் எண்ணெய் குறைந்தால் ஒன்று சிந்தியிருக்க வேண்டும், இல்லை அடுப்பில் காய்ந்திருக்க வேண்டும். "அப்ப அந்த எண்ணெய் எங்கேதாங்க போவுது? எங்கேயோ எரிஞ்சுதானே ஆகணும்?" என்றேன். அந்தப் பக்கம் சிறிது நேரம் சத்தமே இல்லை. பிறகு, "புகை வருது புள்ளே. கொஞ்ச நாளா பின்னாடி வெள்ளையா புகை வருது" என்றார்.

அந்தக் கேள்வியை அப்படியே கொண்டுபோய் வயதான பெஷாவர்க்கார மெக்கானிக் ஒருவரிடம் கேட்டிருக்கிறார். பெரியவர் சிரித்துக்கொண்டே வண்டிக்கு அடியில் படுத்து, ஒரு மெல்லிய ரப்பர் குழாயைக் கழற்றிக் காட்டினாராம். காற்று மட்டுமே இருக்க வேண்டிய குழாயில் சிவப்பு எண்ணெய்!

என்ன நடந்தது என்பதை அவர் பிறகு கடிதத்தில் விளக்கியிருந்தார். ஆட்டோமேட்டிக் கியரில் எல்லா வேலையும் எண்ணெயின் அழுத்தத்தால்தான் நடக்கிறது. உள்ளே இருக்கும் தட்டுகளை அழுத்திப் பிடித்து கியரை மாற்றுவதே அந்த எண்ணெய்தான். பழைய டிரக்குகள் சிலவற்றில் கியர் பாக்ஸின் ஓரத்தில் ஒரு சின்னத் தகர டப்பா இருக்கும். வேக்குவம் மாடுலேட்டர் என்று பெயர். அதற்குள் ஒரு சவ்வு. எஞ்சின் காற்றை உறிஞ்சும் வேகத்தை வைத்து, வண்டி எவ்வளவு பாரம் இழுக்கிறது என்று கியர் பாக்ஸுக்குச் சொல்வது அதன் வேலை. சவ்வு கிழிந்தால் அந்தச் சேதி போய்ச் சேராது; கியர் தாமதமாக, குலுக்கலோடு மாறும். அதோடு எஞ்சின் கியர் எண்ணெயையே உறிஞ்சிக் குடித்து எரித்துவிடும். அதுதான் வெள்ளைப் புகை. எண்ணெய் குறைந்ததும் தட்டுகள் பிடிக்காமல் நழுவும். எல்லாம் ஒரே கிழிசலின் வேலை.

அந்த டப்பாவின் விலை அவருடைய இரண்டு நாள் சம்பளம்கூட இல்லை. பெரியவர் அடித்தட்டையும் கழற்றி, இரும்புத்தூள் கிடக்கிறதா என்று பார்த்து, வடிகட்டியையும் எண்ணெயையும் மாற்றிக் கொடுத்தார். குழாயை நேரில் பார்த்த முதலாளி சம்பளத்தில் கை வைக்கவில்லை. மாமிக்கு அந்த வருஷமே ஆபரேஷன் நடந்தது. கண்ணாடி போட்டுக்கொண்டு மறுபடி குர்ஆன் ஓத உட்கார்ந்தார்கள்.

2004-ல், வீராணம் தண்ணீர் குழாய் வழியாகச் சென்னைக்குப் போக ஆரம்பித்த வருஷம், இவரும் ஊர் திரும்பிவிட்டார். இப்போது இங்கேயும் ஆட்டோமேட்டிக் வண்டிகள் வந்துவிட்டன, பெண்களும் ஓட்டுகிறார்கள். அவர்களுக்காக அவர் சொல்லும் சில விஷயங்கள்:

அந்தக் காலத்து டிரக்கில் எண்ணெய் அளவைப் பார்ப்பது என்றால், வண்டி நன்றாக ஓடிச் சூடான பிறகு, சமதரையில் நிறுத்தி, 'பார்க்'கில் போட்டு, எஞ்சின் ஓடும்போதே அளவுகோலை எடுத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். எல்லா வண்டிக்கும் இந்த முறை பொருந்தாது. இன்றைய வண்டிகள் பலவற்றில் அளவுகோலே கிடையாது. வண்டியோடு வந்த புத்தகத்தைப் பாருங்கள். எண்ணெய் ரோஸ்மில்க் எசன்ஸ் மாதிரி சிவப்பாக இருந்தால் நல்லது. கறுத்துப்போய்த் தீய்ந்த வாடை அடித்தால் தட்டுகள் கருக ஆரம்பித்துவிட்டன என்று அர்த்தம். பால் கலந்தாற்போல் வெளுத்திருந்தால் உள்ளே தண்ணீர் புகுந்திருக்கிறது. அடித்தட்டில் இரும்புத் துணுக்குகள் கிடந்தால் பெரிய செலவுதான். அப்போது மெக்கானிக்கைக் குறை சொல்லிப் பயனில்லை. கிளச் இல்லாத எல்லா வண்டியும் ஒரே ஜாதி இல்லை என்பதையும் மறக்க வேண்டாம். சிலவற்றில் உள்ளே இருப்பது சாதாரணக் கிளச்சும் கியரும்தான். மிதிக்கிற வேலையை மட்டும் இயந்திரம் செய்கிறது. அதற்கு வைத்தியம் வேறு.

காய்ச்சலோடு வரும் குழந்தையிடம், எப்போது ஆரம்பித்தது, என்ன சாப்பிட்டாய், எங்கே வலிக்கிறது என்று வரிசையாகக் கேட்கிறோம் அல்லவா? வண்டிக்கும் அதே வரிசைதான். பெரிய தொகை சொல்லப்படும்போது பயந்து தலையாட்டிவிடாதீர்கள். "எதை வச்சு அப்படிச் சொல்றீங்க? கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். உண்மையாக வேலை தெரிந்தவர் அதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்.