பதினைந்தாண்டு இடாப்பு

பிணி தீர்ந்ததென்று வைத்தியர் சொன்னால் நோயாளி வீடு திரும்புவான். கதை அத்துடன் முடிந்தது. வழிவழியாக நாம் அறிந்த மருத்துவம் இதுவே. கடந்த கால் நூற்றாண்டில் வளர்ந்துள்ள பரம்பரையலகுச் சிகிச்சைக்கோ இது பொருந்துவதில்லை. நாம் கற்றது தமிழ். கலத்தையும் பரம்பரையலகையும் பற்றிப் பேச எமக்கு என்ன உரிமை என்று வாசகர் கேட்கலாம். இடாப்புப் பேணும் தொழில் எமக்குத் தெரியும். இச்சிகிச்சையின் உயிர்நாடியும் ஓர் இடாப்பிலேயே இருக்கின்றது.

1999 இல் பாரிசு நகரின் நெக்கர் சிறுவர் வைத்தியசாலையிலே, பிறவியிலேயே நோயெதிர்ப்பு வலு அற்ற ஆண் குழந்தைகளுக்கு அலன் பிசர் குழுவினர் சிகிச்சை தொடங்கினர். சாதாரண தடிமனும் இக்குழந்தைகளுக்கு யமனாகும். வைத்தியர்கள் குழந்தையின் என்பு மச்சையிலிருந்து கலங்களை எடுத்தனர். தீங்கு நீக்கிய ஒரு வைரசின் முதுகிலேற்றிக் குறையற்ற பரம்பரையலகை அவற்றினுட் செலுத்தினர். பின் அக்கலங்களை உடலில் மீளச் சேர்த்தனர். குழந்தைகள் தேறினர். 2000 இல் இவ்வெற்றி வெளியானபோது உலகம் வியந்தது. 2002 இல் அக்குழந்தைகளுள் இருவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டது. பின்னர் பாரிசில் மேலும் இருவர், அதையொத்த முறையைக் கையாண்ட இலண்டனில் ஒருவர், ஆக ஐவர். ஒருவர் இறந்தார், ஏனையோர் மருந்தால் மீண்டனர். வைரசு தன் சுமையை இறக்கிய இடம், கலப் பெருக்கத்தைத் தூண்டவல்ல வேறொரு பரம்பரையலகின் அயலாயிருந்தமையே காரணம்.

தேறிய குழந்தைகளையும் விடாது சோதித்துக் குறித்துவைத்தமையாலன்றோ இக்காரணம் தெரிந்தது! அக்குறிப்புகளைக் கொண்டே பின்வந்தோர் அத்தூண்டுந் தன்மையைக் குறைத்த வைரசுகளை ஆக்கினர். அப்படியும் ஆபத்து முற்றாக அகன்றதில்லை. சிறுவரின் மூளையை அழிக்கும் ஒரு பரம்பரை நோய்க்கான சிகிச்சை பெற்ற 67 பேருள் எழுவருக்கு இரத்தப் புற்றுநோய் கண்டதென 2024 இல் அறிக்கை வெளியாயிற்று. ஒருவருக்கு அது 14 ஆம் மாதத்தில் வந்தது. இன்னொருவருக்கு 92 ஆம் மாதத்தில். ஈராண்டில் இடாப்பை மூடியிருந்தால் இரண்டாமவர் எக்கணக்கிலும் வந்திரார். உடலின் பரம்பரையலகுத் தொடரில் நிலையாகப் புகும் வைரசுகளைக் கையாளும்போது நோயாளரைப் பதினைந்தாண்டு தொடர்ந்து கவனிக்குமாறு அமெரிக்க உணவு மருந்து நிருவாகம் கூறுவது வீணுக்கன்று.

பதினைந்தாண்டு என எழுதுவது எளிது. கைக்குழந்தை அதற்குள் எமது வகுப்பில் வந்தமரும் பிள்ளையாகிவிடும். குடும்பம் ஊர் மாறும். உடல்நலமுள்ளவன் வைத்தியசாலைக்கு ஏன் போகப்போகிறான்? ஒரு மாணவன் பாடசாலையை விட்டதும் இடாப்பில் அவன் பெயர்மேல் கோடிழுத்து விலகினான் என்று குறிக்கின்றோம். அப்புறம் அவன் எங்கே என்று கேட்க எவருக்கும் கடமையில்லை. மருத்துவத்தில் அக்கோடு இழுக்கலாகாது.

ஆயின் இவ்விடாப்பு யாருடையது? பெரும்பாலும் மருந்தை விற்கும் கம்பனியினுடையது. இங்கேதான் எமக்கு மனம் பொறுக்கவில்லை. நோயெதிர்ப்பு வலு அற்ற இன்னொரு வகைக் குழந்தைகளுக்காக மிலான் நகரில் ஆய்ந்து உருவாக்கிய சிகிச்சைக்கு 2016 இல் ஐரோப்பாவில் அனுமதி கிடைத்தது. அதனை வைத்திருந்த பெருங் கம்பனி 2018 இல் சிறு கம்பனியொன்றுக்குக் கைமாற்றியது. சிறு கம்பனியும் 2022 இல் கைவிடத் துணிந்தது. நோயாளர் சிலரே, இலாபம் எங்கிருந்து வரும்? 2023 இல் தெலெத்தோன் என்ற இத்தாலிய அறநிலையம் அதனைப் பொறுப்பேற்றது. பொதுமக்களின் நன்கொடையால் நடப்பது அது. அந்நிலையம் முன்வராதிருந்தால்? சந்தைக்கு ஆயுள் ஐந்தாறு ஆண்டு. மாற்றப்பட்ட கலமோ மனிதனுள் அவன் ஆயுள்வரை இருக்கும். கம்பனியொன்று கடையைக் கட்டும்போது நோயாளரின் ஏடுகளையும் சரக்கோடு சரக்காகக் கைமாற்ற விடலாமா? அரசும் பொது வைத்தியசாலைகளும் அவற்றைக் கையேற்க வேண்டுமென்று சட்டம் செய்தல் வேண்டும்.

எமது நாட்டு ஏழை நோயாளி தன் கிளினிக் கொப்பியைப் பொலித்தீன் பையிற் சுற்றித் தானே கொண்டுதிரிகின்றான். இடம்பெயர்ந்த நாட்களில், உறுதியும் பிறப்புச் சாட்சிப்பத்திரமும் வைத்த பையினுள் அதையும் வைத்துக் காத்த தாய்மாரை நாம் கண்டிருக்கின்றோம். மழையில் நனைந்து மை கலைந்த கொப்பியையும் அடுத்த ஊர் வைத்தியர் விரித்து வாசித்தார். அக்கொப்பி போதுமென்று நாம் சொல்லவில்லை. பல்லாயிரம் ஏடுகளை ஒப்புநோக்கினாலன்றி அரிய தீங்கு வெளிப்படாது. அவ்வளவு ஏடுகளை ஒருங்கே திரட்டவோ பொது இடாப்பு வேண்டும். அதன் பிரதியொன்று நோயாளியின் கையிலும் இருக்கட்டும்.

இன்னொன்றும் உண்டு. கைக்குழந்தைக்காக ஒப்பமிட்டோர் பெற்றோர். பிள்ளை வளர்ந்து ஆளானபின், தன் இரத்தத்தைப் பற்றிய கணக்கை எவர் வாசிக்கின்றார், எதற்காக வாசிக்கின்றார் என்று அவனிடமே சொல்லி, அவன் சம்மதத்தை மறுபடியும் கேட்கவேண்டும். பாரிசில் முதன்முதற் சிகிச்சை பெற்ற அச்சிறுவர் இன்று இருபத்தைந்து வயதையொட்டிய இளைஞர்.